வீரமுத்துவின் வயிற்றில் இருந்தது என்ன

தோட்டத்து லாரி பாலத்தருகே நின்றதும் கருப்பாயி முதலில் தன் தண்ணீரை இறக்கினாள். பித்தளைத் தூக்குவாளி. வாயைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அடுத்து ஒரு தகர டப்பா. அதற்கும் அடுத்துதான் அவள் இறங்கினாள்.

வாளியை வாங்கிக்கொள்ளச் சபாபதி கையை நீட்டினான்.

“வேணாம். நானே தூக்கிக்கிறேன்.”

மலாயாவில், பத்து பாகாட்டிலிருந்து இந்த உலு திராம் தோட்டத்துக்கு வருவதென்றால் பஸ் மாறி, கடைசியில் ரப்பர் ஏற்றப் போகும் லாரியில் தொற்றிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவு குலுக்கலிலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் கொண்டுவரக் கருப்பாயிக்குப் பழக்கம் இருந்தது. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டுவருவாள். தம்பி மனைவி செல்லத்தின் கையால் அவள் ஒருநாளும் வாய் நனைத்ததில்லை. கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்து, உப்பை மட்டும் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள் என்று ஊரார் சொல்வார்கள். தம்பி வீரமுத்து சொல்வது வேறு. அந்த உப்பையும் துப்பித் திரும்ப இலையில் வைத்துவிட்டாள் என்பான்.

“எப்பிடி இருக்கான்?” என்று நடந்துகொண்டே கேட்டாள்.

“இருக்காரு மதினி. பேசுறாரு.”

“பேசுவான். பொணமானாலும் பேசுவான்.” சொன்ன பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சபாபதி செல்லத்தின் தம்பி. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் வேலை. வருஷக்கணக்காகப் புகையில் நின்றதால் அவனுடைய கண்கள் எப்போதும் சிவந்து நீர் கோத்திருக்கும். இழவு வீட்டுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு ஒரே முகம்தான். இன்றைக்கு அது வசதியாக இருந்தது.

அவனுக்கு மச்சானைப் பற்றிய பயம் தீர்ந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மணியம் காலையில் ஊசி போட்டுவிட்டு, இன்று தாண்டாது என்று சொல்லிவிட்டார். அவனுடைய பயமெல்லாம் இப்போது கருப்பாயியின் ஒப்பாரியைப் பற்றித்தான். பத்து பாகாட்டிலிருந்து மூவார் வரைக்கும் கருப்பாயியைப் போல ஒப்பாரி கட்டிப் பாட ஆள் கிடையாது. அவள் வாயில் வந்தது தோட்டத்துக்குத் தோட்டம் போகும். கன்று நடுகிறவள், ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவள், கள்ளுக்கடை வாசலில் நிற்கிறவன் எல்லோரும் அதை முணுமுணுப்பார்கள். நாளைக்கு அந்தப் பாட்டில், ‘சோத்துல மருந்து வச்சு என் தம்பியைக் கொன்னுட்டா’ என்று ஒரு வரி வந்துவிட்டால், செல்லம் உயிரோடு இருக்கும்வரை அந்த வரியும் உயிரோடு இருக்கும்.

மருந்து வைப்பது என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆண்பிள்ளையை மயக்கி வீட்டோடு கட்டிப்போட, ஏதோ வேரையும் தலைமயிரையும் சேர்த்து அரைத்துக் குழம்பில் கலந்துவிடுவது. அது செரிக்காது. வயிற்றில் ஒரு மூலையைப் பிடித்து ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும். பிறகு கட்டியாகி ஆளைக் கொல்லும். கருப்பாயி சொன்ன கட்டியும் பிற்பாடு டாக்டர் சொன்ன கட்டியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்ததுதான் சங்கடமாகப் போயிற்று.

இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவனே வீரமுத்துதான். வாலிபத்தில் அவன் பத்து பாகாட்டில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இந்தத் தோட்டத்துக்கு ஒரு ஜோடி மாடு கொண்டுவந்து விடச் சொல்லி அனுப்பினார்கள். விட்டுவிட்டு மறுநாள் திரும்ப வேண்டியவன், செல்லத்தின் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டான். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பத்து பாகாட்டில் அக்கா அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். கடைசியில் அக்காவே தேடிக்கொண்டு வந்தபோது, மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பல் குச்சி மென்றுகொண்டிருந்தான்.

“மருந்து வச்சிட்டாங்களாடா உனக்கு?” என்று அவள் கேட்டாள்.

“ஆமாக்கா. நல்ல ருசி. இன்னொரு தரம் வாங்கித் தின்னேன்.”

அன்றிலிருந்து கள்ளுக்கடையிலும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலும் அவன் சொல்லிச் சிரிக்கும் கதை அது. அவனுடைய மற்றக் கதைகளோடு அதுவும் ஒன்று. அவன் வண்டி மாடு ஒரு தடவை புலியை உதைத்தது. புலி நொண்டிக்கொண்டே போய் டிரசரிடம் கட்டுப் போட்டுக்கொண்டது. அன்று முதல் அந்தப் புலி ரோட்டில் வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்கும். இந்தக் கதையை அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்வான். டிரசர் மணியமும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

அவன் நோயில் படுத்தபோதுதான் புலிக் கதையை விட்டுவிட்டு எல்லோரும் மருந்துக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

*

முதலில் சாப்பிட்டதும் தொப்புளைச் சுற்றி ஒரு முறுக்கு வந்தது. கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தால் அது தானாக விட்டுவிடும். பிறகு வாந்தி. நேற்றுத் தின்றது இன்றைக்கு வரும். உடம்பு வேட்டிக்குள் தொளதொளத்தது. மணியம் பூச்சி மருந்து கொடுத்தார். தோட்டத்தில் பாதி நோய்க்குப் பூச்சி மருந்து, மீதி பாதிக்கு மலேரியாக் கொய்னா. பூச்சி ஒன்றும் விழவில்லை.

“உள்ள இருக்குற பூச்சியெல்லாம் என் கதையைக் கேட்டுக்கிட்டு உக்காந்துருச்சு டிரசரே. எந்திரிச்சு வராது” என்றான் வீரமுத்து.

கருப்பாயி, மருந்து எடுக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் வீரமுத்துவைப் படுக்க வைத்து, தொப்புளில் மூங்கில் குழாயை ஊன்றி உறிஞ்சி, வாயிலிருந்து மயிர்ச் சுருளோடு ஒரு கட்டியைத் துப்பிக் காட்டினார். பெண்கள் எல்லோரும் செல்லத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வீரமுத்து மட்டும் கட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அதில் இருந்த மயிர் எடுத்தவருடைய மீசை மாதிரியே செம்பட்டையாக இருக்கிறது என்றான். யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலையும் வாந்தி எடுத்தான். இன்னொன்று உள்ளே தங்கியிருக்கும் என்று சொல்லி அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக் காளியம்மா, தான் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கிண்ணம் வெறுமையாகத் திரும்புகிற வழக்கம் இல்லை. இரண்டு முருங்கைக்காயாவது போட்டுத் திருப்புவார்கள். செல்லம் ஊறுகாய் எடுக்க உள்ளே திரும்பினாள். “இல்ல, வெறுஞ்சட்டியாவே குடு. அவசரமாப் போகணும்” என்றாள் காளியம்மா. அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வேலியோரம் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். செல்லத்துக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் போய்விட்டால் இந்த லயத்தில் கிண்ணம் கொடுத்து வாங்கும் மனிதர்கள்தான் மிச்சம்.

மலம் தார்போலக் கறுத்துப் போனபோது மணியத்தின் முகம் மாறியது. வீரமுத்துவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உட்புறம் வெளுத்துக் கிடந்தது.

“உள்ள எங்கயோ ரத்தம் கசியுது. இது எங்கிட்ட உள்ள மருந்துக்கு அடங்காது சபாபதி. ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப் போ.”

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பட்டினி போட்டு, மறுநாள் காலையில் வெள்ளை மாவுக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். பேரியம் என்று பெயர். அது உள்ளே போகும் வழியெல்லாம் படத்தில் வெளுப்பாகத் தெரியுமாம். இருட்டறைக்குள் போகும் முன்பே டாக்டர் கண் பழகுவதற்காகச் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு லயத்துக்கு வந்து வீரமுத்து சொன்னதில், டாக்டருக்குக் கண்ணே சிவப்பு. குடிக்கக் கொடுத்தது துரை பங்களாவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை. குடித்ததும் தொப்புள் வழியாக வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் பக்கத்துக் கட்டில்காரன் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

உண்மையில் நாள் முழுக்க விட்டு விட்டுப் படம் எடுத்தார்கள். மாவு இரைப்பையைத் தாண்டியது. சிறுகுடலுக்குள் இறங்கியது. ஓரிடத்தில் நின்றுவிட்டது.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சபாபதியைக் கூப்பிட்டார். கறுப்பில் வெள்ளையாக ஒரு ஆறு. அகலமாக வந்த ஆறு ஓரிடத்தில் நூலாகிப் போயிருந்தது. யாரோ கயிறு போட்டு இறுக்கிய மாதிரி.

“இரைப்பையில ஒண்டும் இல்லை. பெருங்குடலும் சுத்தம்” என்றார் டாக்டர். “இது நடுவில. சிறுகுடல். மேலால பாத்தாலும் தெரியாது, கீழால பாத்தாலும் தெரியாது. மாவு போய் நிண்டு காட்டினபடியாத்தான் தெரிஞ்சுது. கான்சராத்தான் இருக்கும். புற்று எண்டு சொல்லுவினம். இந்த இடத்தில வாறது மெத்தக் குறைவு. நானே எண்ணி ஒண்டு ரெண்டு பேரிட்டத்தான் கண்டிருக்கிறன்.”

சபாபதி கேட்க வேண்டியதைக் கேட்டான். “டாக்டர், சோத்துல ஏதாச்சும் கலந்து குடுத்தா இப்பிடி வருமுங்களா?”

“ஆர் சொன்னது?”

“தோட்டத்துல சொல்றாங்க.”

“தோட்டத்தில சொல்லுறதுக்கு என்னட்ட மருந்து இல்லை” என்று படத்தைக் கீழே வைத்தார். “இது திண்டதால வந்ததில்லை. அந்த மனுசன்ர சொந்தச் சதை. தானா வளந்தது. ஏன் வளந்தது எண்டு எனக்கும் தெரியாது, சீமையில படிப்பிச்சவைக்கும் தெரியாது.”

வெள்ளைக்கார சர்ஜன் வயிற்றைத் திறந்து, அந்தத் துண்டை அதோடு ஒட்டிய கொழுப்புச் சவ்வோடு வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார். சபாபதி கேட்டுக் கேட்டு அதைப் பார்த்தான். கண்ணாடி ஜாடியில், ஸ்பிரிட்டுக்குள், ஆட்டுக்குடல் மாதிரி ஒரு துண்டு. நடுவில் மோதிரம் போட்டதுபோலத் தடித்திருந்தது. பிளந்து காட்டினார்கள். உள்ளேயும் சதைதான். வேர் இல்லை, மயிர் இல்லை, இலை இல்லை. அவன் ஜாடியைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தான்.

“வெட்டித் தைச்சது நல்லாப் பொருந்தும்” என்றார் டாக்டர். “ஆனா புற்றின்ர விதை ஈரலுக்குப் போயிட்டுது. கையால தடவிப் பாத்தவர் சர்ஜன். அதுக்கு ஒருத்தரிட்டையும் ஒண்டும் இல்லை. கொஞ்சக் காலத்துக்குப் பசிக்கும். பசிச்சா விரும்பினதைச் சாப்பிட விடுங்கோ.”

பசித்தது. அந்தச் சில மாதங்கள் வீரமுத்து கருவாட்டுக் குழம்பும், மரவள்ளிக்கிழங்கும், பக்கத்து மலாய்க்காரக் கம்பத்திலிருந்து வந்த டுரியான் பழமும் சாப்பிட்டான். “குடல்ல ஒரு முழத்தைக் குறைச்சிட்டாங்க மாப்ளே. இப்பல்லாம் சோறு குறுக்கு வழியாப் போயிடுது” என்றான். மறுபடியும் வண்டி பூட்டினான். செல்லம் எதிரில் உட்கார்ந்து அவன் மென்று விழுங்குவதை, குழந்தை சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல வாயைத் தானும் அசைத்துக்கொண்டு பார்ப்பாள்.

அந்த நாட்களில்தான் சபாபதி பத்து பாகாட்டுக்குப் போய், ஜாடியில் கண்டதைக் கருப்பாயியிடம் சொன்னான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “நீ அவ தம்பி. ஜாடியில யானையே இருந்தாலும் எலின்னுதான் சொல்லுவ” என்றாள்.

வீரமுத்துவும் சொல்லிப் பார்த்தான். “ஒண்ணும் இல்லக்கா, வெறும் சதைதான்.” அவன் வாழ்நாளில் கலப்படம் இல்லாமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதனால் யாரும் நம்பவில்லை.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் கருப்பாயி தூக்குவாளியை மூலையில் வைத்தாள். பலகை மேடையில் வீரமுத்து கிடந்தான். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. மறுபடி வளர்ந்தது குடலை அடைத்துவிட்டது. இன்னொரு தடவை திறப்பதில் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வலிக்கு ஊசியும், உதட்டை நனைக்கக் கஞ்சித் தண்ணீரும்தான்.

“வாக்கா. தண்ணி கொண்டாந்தியா?”

“கொண்டாந்தேன்.”

“நல்ல காரியம். இங்க ஆறே வத்திப்போச்சு.”

அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பார்த்தாள். “எப்பிடி இருந்த புள்ள. இப்பிடி ஆக்கிப்புட்டாளே” என்றாள். செல்லம் எனாமல் குவளையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். குவளையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். சபாபதி கூரையைப் பார்த்தான்.

“டப்பாவுல என்ன?” என்று கேட்டான் வீரமுத்து.

“பொரிவிளங்கா உருண்டை. உனக்குன்னு புடிச்சேன். கடிக்க முடியாதுன்னு தெரியும். மனசு கேக்கல.”

பயறும் அரிசியும் வறுத்து இடித்து, வெல்லப்பாகில் உருட்டுவது. சுத்தியல் இல்லாத வீட்டில் அதைத் தின்பது கஷ்டம். ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரல்களை மூடிப் பார்த்தான்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு டாக்டர் சத்தியம் வாங்கிட்டாரு. போகப் போறேன்ல, இனிமே என்ன.”

“சொல்லு.”

“என் வயித்துலேர்ந்து வெட்டி எடுத்தாங்கல்ல. உள்ள ஒண்ணு இருந்துச்சு. மாப்ள பாத்தான். கேளு.”

“மச்சான், பேசாமப் படுங்க” என்றான் சபாபதி.

“பாத்தியா, பயப்படுறான். மருந்து இருந்துச்சுக்கா. நீ சொன்னதுதான் சரி. செரிக்காம இத்தன வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

செல்லத்தின் கையிலிருந்த குவளை சுவரில் இடித்தது. கருப்பாயி நிமிர்ந்தாள். இத்தனை நாள் அவள் எதிர்பார்த்த வார்த்தைதான். வந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“என்ன இருந்துச்சு?”

“பொரிவிளங்கா உருண்டை” என்றான். “நீ கப்பல்ல குடுத்தது.”

 வெளியே யாரோ ரப்பர் பால் வாளிகளை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“சர்ஜன் துரை கத்தி வச்சாரு. கத்தி மழுங்கிருச்சு. ரம்பம் வச்சாரு, பல்லு போச்சு. சிங்கப்பூர்லேர்ந்து கப்பல் ரிப்பேர் பாக்குற ஆளக் கூட்டியாந்தாங்க. அவன் பாத்துட்டு, இது எந்த ஊரு இரும்புன்னு கேட்டான்.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தினான். “மேல வெல்லம் அப்பிடியே கறுப்பா இருந்துச்சாம். ஒரே ஒரு பல்லுத் தடம். என் பால்பல்லு.”

கருப்பாயியின் வாய் கோணியது. சிரிப்பதா அழுவதா என்று அதற்கே தெரியவில்லை.

“ஆத்தா அப்பன் ரெண்டும் போய், என்னைய இழுத்துக்கிட்டு கப்பலேறின. ஞாபகம் இருக்கா? எல்லாரும் வாந்தி எடுக்குறாங்க. நான் பசின்னு அழுவுறேன். கடைசி உருண்டைய எனக்குக் குடுத்த. உனக்கு எங்கன்னு கேட்டேன். நான் தின்னுட்டேன்டான்னு சொன்ன.”

“தின்னேன்.”

“திங்கல. அதுக்கு முன்னாடியே உன் முடிச்ச நான் அவுத்துப் பாத்திருந்தேன். அந்த ஒண்ணுதான் இருந்துச்சு, மீதி வெல்ல வாசன. அதான் நான் ஒரு கடி வச்சுப் பாத்துட்டு, மெல்லாம முழுங்கிட்டேன். மென்னா சீக்கிரம் தீந்துடும்ல. அது இங்க வந்து உக்காந்துருச்சு.”

கருப்பாயி அவன் கையிலிருந்த உருண்டையைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். “போடா. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு. நான் ஆசையாக் குடுத்தது எப்பிடிடா உன் வயித்துல நின்னு கொல்லும்?”

வீரமுத்து தலையை மெதுவாகத் திருப்பி அடுப்படி வாசலைப் பார்த்தான். செல்லம் அங்கேயே நின்றிருந்தாள். குவளையில் கஞ்சித் தண்ணீர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கருப்பாயியும் அவன் பார்த்த பக்கம் பார்த்தாள். பிறகு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அது மூடியேதான் இருந்தது. மறுபடியும் அழுத்தினாள்.

“பொய்தானடா?” என்றாள்.

“ஆமாக்கா. பொய்தான்.”

தன் கதை எதையாவது பொய் என்று வீரமுத்து ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை.  இன்று தாண்டாது என்று மணியம் சொன்னதைச் சபாபதி அப்போதுதான் நம்பினான்.

சாயங்காலம் மழை பிடித்தது. செல்லம் துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். “உப்புப் போதல” என்றான் வீரமுத்து. அவள் உள்ளே போய் உப்புப் போட்டுக் கலக்கி வந்தாள். நாக்கால் துழாவிப் பார்த்து, சரி என்பதுபோலக் கண்ணை மூடினான். பிறகு சபாபதியைக் கூப்பிட்டு, மாடுகளுக்கு மழையில் சாக்குப் போர்த்தச் சொன்னான். புலியிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் ஏதோ சொன்னான். என்ன சொல்ல வேண்டும் என்று வரவில்லை. மூன்று பேரும் குனிந்து அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கருப்பாயி தம்பியின் கண்களைத் தடவி மூடினாள்.

*

காலையில் லயமே வாசலில் திரண்டிருந்தது. பெரட்டு முடிந்து வேலைக்குப் போகிறவர்களைக் கங்காணியே நிறுத்தி வைத்திருந்தார். மணியம் வந்து, புலிக்குக் கட்டுப் போட்ட மனிதர் என்ற முறையில் எல்லோருக்கும் முன்னால் நின்றார். சபாபதி பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து அக்காள் பக்கத்தில் வைத்தான். பெண்கள் பிணத்தைச் சுற்றித் தோள் கோத்து உட்கார்ந்தார்கள். காளியம்மா செல்லத்திடமிருந்து ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

காளியம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த கருப்பாயி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். சத்தம் அடங்கியது. அவள் ஆரம்பித்தால் மற்றவர்கள் வாய் மூடிக்கொள்வது வழக்கம்.

*கப்பலேறி வந்தவனே, கடல் பாத்துச் சிரிச்சவனே,*
*கையப் புடிச்சு வந்தேனே, கை நழுவிப் போனவனே...*

சபாபதி தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பாட்டு கப்பலிலிருந்து இறங்கி, பத்து பாகாட்டில் வண்டி ஓட்டி, ஜோடி மாட்டைப் பூட்டிக்கொண்டு உலு திராம் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. அடுத்தது செல்லத்தின் வீடு. கருவாட்டுக் குழம்பு. பெண்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள். காளியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.

கருப்பாயி மூச்சை இழுத்தாள்.

*மாடு கொண்டு வந்தவனே, மறுநாளு திரும்பலியே,*
*வகையான சோறு கண்டு வயிறு குளுந்திருந்தவனே,*
*உண்டு களிச்ச மகராசா, ஒரு குறையும் வைக்கலியே,*
*ஊட்டுன கை தேடுதய்யா, ஒரு வார்த்த சொல்லலியே...*

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, இடையில் காலியாக இருந்த இடத்தைத் தாண்டி, செல்லத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் செல்லம் காளியம்மாவின் மடியில் பாதி விழுந்தாள். காளியம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளும் செல்லத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

கடலுக்கு இந்தப் பக்கம் பங்காளி என்று யாரும் இல்லாததால் சபாபதிதான் கொள்ளிச் சட்டி தூக்கினான். புகை கண்ணில் அடித்தது. இத்தனை வருஷம் புகையில் நின்றவனுக்கு அந்தக் கொஞ்சப் புகை தாங்கவில்லை.

ஆற்றில் முழுகிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்தபோது, தரை கழுவி விளக்கு வைத்திருந்தார்கள். பலகை மேடை வெறுமையாக இருந்தது. செல்லம் சுவரில் சாய்ந்திருந்தாள். எதிரில் கருப்பாயி. ஒப்பாரி பாடித் தொண்டை கட்டிப்போயிருந்தது. சபாபதியைப் பார்த்ததும் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் தள்ளினாள்.

“ஒண்ணு எடுத்து வாயில போடு. காலேலேர்ந்து வெறும் வயிறு.”

அவன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான்.

கருப்பாயி இருமினாள். மறுபடி இருமினாள். அவளுடைய தூக்குவாளி மூலையில், வந்த அன்று வைத்த இடத்திலேயே, துணி முடிச்சுக்கூட அவிழ்க்காமல் நிறைந்திருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

“செல்லம்” என்றாள். “தொண்ட வறளுது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு.”

செல்லம் அவளையே பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். பானையின் மூடி நகரும் சத்தமும், தண்ணீர் மொள்ளும் சத்தமும் கேட்டன. எனாமல் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

கருப்பாயி அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். குவளையைக் கீழே வைத்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“தண்ணி துரு வாட அடிக்குது. பானைய நல்லா தேச்சுக் கழுவணும்.”

“சரி மதினி” என்றாள் செல்லம்.

சபாபதியின் வாயிலிருந்த உருண்டை இன்னும் கரையத் தொடங்கவில்லை.